வெள்ளிக்கிழமை விவசாயம்

என் வீட்டுக்காரர் விவசாயம் பார்த்ததெல்லாம் வெள்ளிக்கிழமைகளில்தான், அதுவும் போனில். அரபு நாட்டில் அவருக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஜும்மா தொழுதுவிட்டு வந்து, அறையில் எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டு முடித்ததும் வீடியோவில் கூப்பிடுவார். அந்த நேரத்துக்கு இங்கே வெயில் சாய்ந்திருக்கும். குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் செம்மண் கொல்லையில், முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு நான் காத்திருப்பேன். சலாம் சொல்லி வாய் மூடுவதற்குள் அடுத்த வார்த்தை வந்துவிடும்.

"கேமராவத் திருப்பு புள்ள. இலையக் காட்டு."

மற்ற நாட்களில் அவர் வேலை முடிந்து வரும்போது நாங்கள் தூங்கியிருப்போம். வாய்ஸ் மெசேஜோடு சரி. ஆக, பெண்டாட்டி முகத்தைப் பார்த்து ஒரு வாரம் ஆகியிருக்கும். அதற்கு அவசரம் இல்லை, காலிபிளவர் இலைக்குத்தான் அவசரம். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் திருப்பிவிடுவேன். அவர் ஊர் திரும்புவது அந்த இலையை நம்பித்தான் இருந்தது, அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

நான் பிறந்தது பரங்கிப்பேட்டையில். செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் நேற்றையதா இன்றையதா என்று சொல்லத் தெரியும். செடி கொடி பற்றித் தெரிந்ததெல்லாம் கறிவேப்பிலைக் கன்றுதான். கல்யாணம் ஆகி இந்தப் பக்கம் வந்தபோதுகூட நிலம் மாமனாரின் பொறுப்பாக இருந்தது. அவர் மவுத்தாகி அடக்கம் ஆன பிறகு நிலக்கடலைக்கும் எள்ளுக்கும் குத்தகைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் காலிபிளவர் போடலாம் என்ற யோசனை, உலகத்தில் வேறு யாருக்கும் வராத வழியில் என் வீட்டுக்காரருக்கு வந்தது. அவருக்கு அங்கே ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் காய்கறிப் பிரிவில் வேலை. ஜாக்கெட் போட்டுக்கொண்டு குளிர் அறைக்குள் போய்ப் பெட்டி பெட்டியாகக் காலிபிளவரை எடுத்துவந்து அடுக்குவார். ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் சுற்றி, ஒரு புள்ளி இல்லாமல், பால் மாதிரி இருக்கும். வருஷக்கணக்கில் அடுக்கி அடுக்கி அதன் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது என்று நினைக்கிறேன். கடலூர் சில்வர் பீச்சில் கோபி வறுக்கிற வண்டிகளுக்கும் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வண்டிகளுக்கும் பூ எங்கிருந்தோ லாரியில்தானே வருகிறது, நம் மண்ணில் ஏன் வராது என்று கேட்டார். சமவெளியில் விளைகிற விதை வந்துவிட்டது என்று வீடியோ வீடியோவாக அனுப்பினார். புழுவைப் பற்றி அந்த வீடியோக்களில் யாரும் பேசவில்லை. அவர் அடுக்கிய பூக்களிலும் புழு கிடையாது.

எங்கள் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அவள் அத்தா கடைசியாக வந்து போனபோது அவளுக்கு ஒரு பல்கூட விழுந்திருக்கவில்லை. இப்போது முன்னால் இரண்டு பெரிய பல் முளைத்து, பேச்சும் பெரிய பேச்சாகிவிட்டது. தை மாசக் கடைசிக்குள் அவர் கம்பெனியில் சொல்லவேண்டும்: இன்னொரு அக்ரிமெண்ட் போடுவதா, போதும் என்று ஊர் திரும்புவதா. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுச் சொன்னார்.

"இந்தப் பூ நின்னுச்சுன்னா நானும் வந்து நின்னுடுறேன் புள்ள. துஆ செய்."

தொழுகைக்குத் தொழுகை நான் துஆ செய்தேன். செய்ததோடு நிற்காமல் தோட்டக்கலை ஆபீசுக்கும் போனேன். அங்கே இருந்த மேடம் என்னைவிடச் சின்னவர்தான், ஆனால் பொறுமைசாலி. காலிபிளவருக்கு எமன் ஒரு அந்துப்பூச்சி, அதன் பெயர் வைரமுதுகு என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணத்தில்கூட எனக்கு வைரம் போடவில்லை, இங்கே பூச்சிக்குப் போட்டிருக்கிறார்கள். இறக்கையை மடக்கி உட்கார்ந்தால் முதுகில் கட்டம் கட்டமாக வெளுப்பாகத் தெரியும், அதனால் அந்தப் பெயர். விரல் நகத்தைவிடச் சின்னது. அது போடுகிற புழுதான் இலையைத் தின்று, பூவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மேடம் சொன்ன வைத்தியம் எனக்குப் பிடித்திருந்தது. காலிபிளவரைவிட அந்தப் பூச்சிக்குக் கடுகுச் செடி மேல்தான் ஆசை அதிகமாம். வரிசைகளுக்கு நடுவே முன்கூட்டியே கடுகு விதைத்துவிட்டால் அதில் போய் முட்டை வைக்கும், அந்தக் கடுகை மட்டும் கவனித்தால் போதும். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடிகட்டி அடிக்கச் சொன்னார். எதற்கெடுத்தாலும் கடை மருந்துக்கு ஓடாதீர்கள், அந்தப் புழு எல்லா மருந்தையும் குடித்துப் பழகிவிட்டது என்றும் சொன்னார்.

கடுகை விதைத்துவிட்டு, கார்த்திகை மழை ஓய்ந்ததும் நாற்று நட்டேன். பிறகும் நடுநடுவே ஒரு மழை வந்தது, வந்தவரைக்கும் பூச்சி அண்டவிடாமல் கழுவிக்கொண்டு போனது. மார்கழிப் பனி இறங்கியதும் செடி குப்பென்று எழும்பியது. காலையில் போனால் ஒவ்வொரு இலையிலும் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். அந்த அழகைப் பார்க்க வெள்ளிக்கிழமை அறையே கூடிவிடும். பண்ருட்டிக்காரர் ஒருவர், சிதம்பரத்து டிரைவர் ஒருவர், சமையல் பார்க்கிற கேரளத்துக்காரர், இன்னும் இரண்டு மூன்று பேர். எல்லோரும் கட்டிலில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு எங்கள் அரை ஏக்கரைப் பார்ப்பார்கள். ஒருவர் தண்ணி ஜாஸ்தி என்பார். இன்னொருவர் பத்தாது என்பார். ஊரில் இருந்தவரைக்கும் வயல் பக்கம் கால் வைக்காத ஆட்கள் எல்லாம் அங்கே போய் மிராசுதார் ஆகிவிட்டார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் சிரிப்பேன். அவர்களில் வயதான ஒருவர் மட்டும் இலையைக் கேட்கவே மாட்டார். எல்லோரும் பேசி முடித்த பிறகு, "தங்கச்சி, அந்த வரப்பக் கொஞ்சம் காட்டுங்கம்மா," என்பார். ஈரமான வெறும் வரப்பைக் காட்டினால் போதும், பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

மார்கழி நடுவில் புழு வந்தது. முதலில் இலையில் அங்கங்கே மெல்லிய தோல் மட்டும் மிஞ்சி, கண்ணாடி வைத்த மாதிரி தெரிந்தது. பிறகு ஓட்டை. இலையைத் திருப்பினால் வெளிர்ப்பச்சையில் குட்டிப் புழு. தொட்டால் துள்ளி நெளிந்து, நூல் விட்டுக் கீழே தொங்கும். முதல் தடவை நான் கையை உதறிக்கொண்டு வரப்பில் விழப்போனேன். பிறகு பழகிவிட்டது. கடுகில்தான் அதிகம் இருந்தது, மேடம் சொன்னது சரிதான். கடுகின் இலையைக் கிள்ளி சோப்புத் தண்ணியில் போட்டேன். வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தேன். என் புடவை, முடி, சோறு எல்லாம் கசந்தது. அவருக்கு அங்கே தூக்கம் போய்விட்டது. வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காமல் குளிர் அறைக்குள்ளிருந்தே போட்டோ கேட்டு மெசேஜ் அனுப்புவார்.

அப்புறம் ஒரு வாரம் புழு குறைந்த மாதிரி தெரிந்தது. எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் தினம் அதே இலைகளைத் திருப்புகிறவளுக்குத் தெரியும் அல்லவா? முன்பு ஒரு இலையைத் திருப்பினால் நாலைந்து நெளியும். இப்போது ஒன்று இருந்தால் அதுவும் மந்தமாகக் கிடந்தது. கூடவே ஒரு புதுச் சமாச்சாரம். இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக, நொய்யரிசி ஒட்டிய மாதிரி சின்னதாக. விரலால் தடவினால் பட்டு நூல் மாதிரி மெத்தென்று இருந்தது. எனக்கு அது என்னவென்று தெரியவில்லை. அந்தச் சமயம் பார்த்து மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பட்டாம்பூச்சி எப்படி வருகிறது என்று ப்ராஜெக்ட் கொடுத்திருந்தார்கள். நம் தோட்டத்தில் இல்லாத புழுவா என்று, இலையோடு கிள்ளி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயில் துணி கட்டி ஜன்னலில் வைத்தேன். அந்த இலையிலும் இந்த வெள்ளை ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போலக் கேமராவைத் திருப்பினேன். இலையைப் புரட்டி விரலில் தாங்கிப் பிடித்தேன்.

உடனே அறை முழுக்க ஒரே நேரத்தில் பேசினார்கள். அசையாமல் பிடி என்றார் என் வீட்டுக்காரர், பிடித்தேன். திரையைப் படம் பிடித்து, பெரிதாக்கி, ஆளாளுக்குக் கை மாற்றிப் பார்த்தார்கள். அது முட்டை என்று முடிவானது. பண்ருட்டிக்காரர் தன் மாமனார் தோட்டத்துக் கத்தரியில் இதே மாதிரி பார்த்திருப்பதாகச் சொன்னார். இத்தனையும் பொரிந்தால் ஒரே வாரத்தில் காம்புதான் மிஞ்சும் என்று இன்னொருவர் சொன்னார். நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"மச்சான், புழு போன வாரத்துக்கு இப்பக் கம்மியாதான் இருக்குது. ஒரு நாலு நாள் பாக்கலாமே. ஆபீஸ்ல மேடத்துக்கிட்ட வேணா கேக்குறேன்."

"முட்டைய உட்டுட்டு நாலு நாள் உக்காந்திருக்க முடியுமா புள்ள? நான் வர வேணாமா?"

அவர் கத்திச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். நான் வர வேண்டாமா என்று ஒரு ஆம்பளை கடலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டால், நாலு நாள் பொறு என்று எந்த வாயால் சொல்வது?

மறுநாளே உரக்கடைக்காரர் இருப்பதிலேயே வேகமான மருந்தாக இரண்டைக் கலந்து கொடுத்தார். பவர் ஸ்ப்ரேயர் வைத்திருப்பவரை வரச்சொன்னேன். என் வீட்டுக்காரர் அன்றைக்கு டூட்டியை மாற்றிக்கொண்டு, ஆரம்பம் முதல் முடிவு வரை போனில் இருந்தார். நான் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்று காட்டினேன். அந்த மூலை விட்டுப்போச்சு, இந்த வரிசைக்கு இன்னொரு தடவை, இலைக்கு அடியில் படணும், கடுகுக்கும் சேர்த்து அடிக்கச் சொல்லு என்று வேலை வாங்கினார். மருந்து அடிக்கிறவருக்கே சிரிப்பு. எல்லாம் முடிந்ததும் போனில் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். எங்கள் நிக்காஹ் அன்றைக்குக்கூட அப்படி ஒரு திருப்தியை நான் பார்த்ததில்லை.

"இன்னைக்குத்தான் புள்ள நம்ம நெலத்துல நான் எறங்கி வேல செஞ்ச மாதிரி இருக்குது," என்றார்.

இதை எழுதும்போது அந்த வாக்கியத்தைத்தான் மறுபடி மறுபடி படித்துப் பார்க்கிறேன். நட்டது நான், களை எடுத்தது நான், கசந்தது என் கை. இந்தப் பயிரில் அவர் கைக்கு எட்டியது அந்த மருந்து ஒன்றுதான். அந்த ஒன்றை ஆசையாகச் செய்தார்.

சில நாள் கழித்து மகள் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது. "உம்மா, பட்டாம்பூச்சி வரவே இல்ல. கொசுதான் வந்துருக்குது." வாங்கிப் பார்த்தேன். கறுப்பாக, எறும்புக்கு இறக்கை முளைத்தது போல, நீளமான மீசையோடு மூன்று நான்கு பூச்சிகள் கண்ணாடியில் ஊர்ந்தன. வெள்ளை அரிசி எல்லாம் ஒரு முனையில் மூடி திறந்த டப்பா மாதிரி வெறும் கூடாகக் கிடந்தது. பக்கத்தில் புழுக்கள் தோலாகச் சுருங்கிக் காய்ந்திருந்தன. முட்டை என்றால் அதிலிருந்து புழு அல்லவா வரவேண்டும்? எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. அடுப்பை அணைத்துவிட்டுப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

மேடம் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இதெல்லாம் உங்கள் தோட்டத்தில் எவ்வளவு இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டார்.

"இருந்துச்சு மேடம்," என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு, மருந்து அடித்துவிட்டீர்களா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அது ஒரு குளவி என்றார். அந்துப்பூச்சியின் புழுவைத் தேடிப் பிடித்து அதன் உடம்புக்குள் முட்டை வைக்குமாம். குட்டி உள்ளேயே புழுவைத் தின்று வளர்ந்து, வெளியே வந்து, பக்கத்திலேயே வெள்ளையாகக் கூடு கட்டிக்கொண்டு தூங்குமாம். ஒவ்வொரு வெள்ளைக்கும் ஒரு புழு செத்தது என்று கணக்கு. அந்துப்பூச்சியின் நிஜ முட்டை மஞ்சளாக, கடுகைவிடச் சின்னதாக இருக்கும், போனில் எங்கே தெரியப்போகிறது என்றார். புழு மருந்துக்குப் பழகியது, குளவி பழகாதது. அடித்தால் குளவிதான் முதலில் சாகும்.

"உங்க தோட்டத்துல கூலி கேக்காம வேல செஞ்ச ஆளுங்கம்மா இவுங்க," என்று மட்டும் கடைசியில் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. முதலில் அந்தப் பண்ருட்டிக்காரர் மேல். அப்புறம் போன் மேல். அப்புறம் அவர் மேல். இலை அவர் கையில் இருந்திருந்தால் விரலில் அந்தப் பட்டு தெரிந்திருக்கும். மந்தமாகக் கிடந்த புழுவைத் தொட்டுப் பார்த்திருப்பார். இரண்டு நாள் நடந்தால் ஒரு குளவியையாவது கண்டிருப்பார். அங்கே இருந்துகொண்டு வெள்ளையைத்தான் பார்த்தார், வெள்ளைக்குப் பயந்தார். ஊருக்கு வரவேண்டும் என்ற அவசரம் இல்லாத ஒருவர் அந்த இலையைப் பார்த்திருந்தால், நாலு நாள் பொறுத்துத்தான் பார்ப்போமே என்றுகூடச் சொல்லியிருப்பார்.

நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், விரித்துச் சொல்ல மனசு வரவில்லை. முதலில் எல்லாம் சுத்தமான மாதிரி இருந்தது. பூ கைப்பிடி அளவு திரண்டு வரும்போது புழு மறுபடி வந்தது. இந்தத் தடவை தடுக்க யாரும் இல்லை. கடுகு, காலிபிளவர் என்று பார்க்கவில்லை. இரண்டாவது மருந்து, மூன்றாவது மருந்து எதற்கும் அசையவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். சிதம்பரத்து மண்டிக்காரர் ஒரு பூவை எடுத்து இதழைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மூட்டைக்குள் திரும்ப வைத்தார். கடலூர் பீச்சுக்கும் கொண்டுபோனேன். கோபி வண்டிக்காரர் மரியாதைக்கு ஒரு பூவைப் பிய்த்து மஞ்சள் போட்ட சுடுதண்ணியில் முக்கினார். மேலே மிதந்ததை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். "வேணாம்க்கா," என்றார். பின்னால் கடல் சத்தம். அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள் நான், அன்றைக்கு அது காதில் விழவே பிடிக்கவில்லை. மூட்டையைத் திரும்பக் கொண்டுவந்து ஆடுகளுக்குப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை அவர் கூப்பிட்டார். நானே கேமராவைத் திருப்பி, ஓட்டை விழுந்த இலைகளையும் அழுக்குப் பூக்களையும் ஒரு சுற்றுக் காட்டினேன். வரப்பைக் கேட்கிற பெரியவர் எழுந்து வெளியே போனார்.

"சரி புள்ள, விடு. இன்னும் ஒரு அக்ரிமெண்டு. ரெண்டு வருஷந்தான, ஓடிரும்," என்றார்.

பாட்டிலைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகும்? ஆனது ஆச்சு. நீங்கள் வருவதற்கு வழி பண்ணிக்கொண்டிருந்ததை நீங்களே நின்று அடிக்கச் சொன்னீர்கள் என்று, குளிர் அறைக்குள் போய் மறுபடி காலிபிளவர் அடுக்கப்போகிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது? இன்னும் இரண்டு வருஷம் அவர் தினமும் அந்தப் பூக்களைத் தொடவேண்டும். தெரியாமலே தொடட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த கார்த்திகையில் மறுபடி நட்டேன். பிடிவாதம்தான், வேறென்ன. கடுகை முதலிலேயே விதைத்தேன், அது பூத்தபோது கிள்ளாமல் விட்டேன். குளவி அந்தப் பூவில் தேன் குடிக்கும் என்று மேடம் சொல்லியிருந்தார். வேப்பங்கொட்டைக் கரைசலைத் தவிர வேறு எதையும் கொல்லைக்குள் விடவில்லை. புழு வந்தது. பின்னாலேயே வெள்ளை அரிசியும் வந்தது. அதைப் பார்த்ததும், தொலைந்துபோன சாவி கிடைத்த மாதிரி அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அதை மட்டும் காட்ட மாட்டேன். இலையின் மேல் பக்கத்தையே காட்டிச் சமாளித்தேன். அறையிலும் பழைய கூட்டம் இல்லை. பண்ருட்டிக்காரர் ஊருக்கே வந்துவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் மோட்டார் போடப் போன நேரத்தில் மகள் போனை எடுத்துக்கொண்டாள். நான் திரும்பி வரும்போது அவள் குரல் கேட்டது. இலையைப் புரட்டிப் பிடித்துக்கொண்டு, டீச்சர் மாதிரி விளக்கிக்கொண்டிருந்தாள்.

"இங்க பாருங்கத்தா, அரிசி. இது நல்ல பூச்சியோட வீடு. இது புழுவத் தின்னுடும். போன வருஷம் என்னோட பாட்டில்ல வந்துச்சே, உம்மா சொல்லலையா?"

நான் ஓடிப்போய் போனை வாங்கினேன். திரையில் அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"போன வருஷம் நாம அடிச்சமே, அதுவா இது?"

"அது வேற மச்சான்," என்றேன்.

"ம்," என்றார். பிறகு சார்ஜ் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மஃரிப் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் போனில் ஒரு படம் வந்திருந்தது. போன வருஷத்துப் படம். என் விரல், விரலில் மோதிரம், விரலில் சாய்ந்த இலை, இலையில் வெள்ளை அரிசி. கீழே ஒரு வார்த்தை இல்லை. பெரிதாக்கிப் பார்ப்பதற்காகப் பிடித்த படத்தை அவர் அழிக்காமலேயே வைத்திருந்திருக்கிறார். மகள் காட்டியதையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார். நான் என்னென்னவோ எழுதி எழுதி அழித்தேன். உங்கள் மேல் தப்பில்லை என்று எழுதினால் தப்பு நடந்தது என்று ஆகிவிடும். கடைசியில் சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டேன். சாப்பிட்டேன் என்று பதில் வந்தது.

அந்த வருஷம் பூ நின்றது. அங்கங்கே ஒன்றிரண்டில் புழு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். சிதம்பரத்து மண்டிக்காரர் இதழைப் பிரித்துப் பார்த்துவிட்டு இன்னும் எத்தனை மூட்டை வரும் என்று கேட்டார். பீச்சு வண்டிக்காரரும் வாங்கிக்கொண்டார். எல்லாம் நாங்கள் ஆசைப்பட்டபடியே நடந்தது, ஒரு வருஷம் தாமதமாக. அக்ரிமெண்டில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது. பூ நின்றால் வந்து நிற்பதாகச் சொன்னவர் வர முடியாமல் பூ மட்டும் நின்றதைப் பார்த்தபோது, போன வருஷம் அழாத அழுகையை இந்த வருஷம் அழுதேன்.

அறுவடை நடந்துகொண்டிருந்த வெள்ளிக்கிழமை அவர் கூப்பிட்டார். நான் தலையில் துணி கட்டி, முகமெல்லாம் செம்மண்ணாக இருந்தேன். சலாம் சொன்ன கையோடு, பழக்க தோஷத்தில், அவர் கேட்பதற்கு முன்னாலேயே கேமராவைத் திருப்பி, வெட்டி அடுக்கியிருந்த பூக்களைக் காட்டினேன். அத்தனையும் வெள்ளை வெளேரென்று, அவர் கடையில் அடுக்குகிற மாதிரியே இருந்தது.

"பூவ அப்புறம் பாத்துக்கலாம் புள்ள. மூஞ்சியக் காட்டு."

என்னவோ ஏதோ என்று திருப்பினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கூச்சமாகப் போய், தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"நெத்திக்கு மேல முடியெல்லாம் நரைச்சுப் போயிருக்கே. எப்ப நரைச்சுது?"

"போன வருஷமே நரைச்சிருச்சு மச்சான்," என்றேன்.